மீனோடு இறால்: பழகியவர்களே செய்யும் தவறுகள்

வீட்டு மீன் தொட்டியில் மீனோடு இறாலும் வளர்க்கிறீர்களா? குளோரின் போகாத தண்ணீரை ஊற்றக்கூடாது, ஏஞ்சல் மீனோடு இறாலை விடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம். இறால் விஷயத்தில் அதிகம் சறுக்குகிறவர்கள் மீன் வளர்த்துப் பழகியவர்கள்தான். மீனுக்குச் சரியாக இருந்த பழக்கமே இங்கே வினையாகிறது.

பெரிய இறாலை வைத்துக் கணக்குப் போடுவது

தொட்டியில் வளர்க்கும் சின்ன வகையான செர்ரி இறால் வளர்ந்தால் 2.5 முதல் 3 செ.மீ. இருக்கும், நியான் டெட்ரா போன்ற சிறு மீன் அதை விழுங்காது. ஆனால் பொரித்து வரும் குட்டி வெறும் 2 மி.மீ. கப்பிகூட விடாது. "சினை இறால் இருக்கிறது, குட்டியை மட்டும் காணோம்" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தொட்டியின் ஒரு மூலையையாவது ஜாவா மாஸ் என்ற நீர்த்தாவரத்தால் அடைத்துவிடுங்கள். குட்டி விஷயத்தில் ஓரளவு நம்பக்கூடிய மீன், பாசி தின்னும் ஓட்டோசிங்க்ளஸ் மட்டுமே. அமானோ என்ற இன்னொரு வகை இறாலில் குட்டியை எதிர்பார்க்கவே வேண்டாம். அதன் இளம்புழு வளர உப்பு கலந்த நீர் வேண்டும்.

இறாலை எடுத்துவிட்டுத் தொட்டிக்கு மருந்து ஊற்றுவது

இத்தனை பேர் இதைச் செய்வதுதான் எரிச்சல். மீன் மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. வைத்திருப்பவர் பொறுப்பாக இறாலையெல்லாம் வாளிக்கு மாற்றிவிட்டு, தொட்டியில் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றுகிறார். மீன் தேறியதும் தண்ணீர் மாற்றி, கரி போட்டு, இறாலைத் திரும்ப விடுகிறார். சில நாளில் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறிக்கொண்டிருக்கும். மீன்களோ ஜோராக நீந்தும். தண்ணீரோடு தாமிரம் முழுக்கப் போய்விடுவதில்லை; கிராவலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும்.

தலைகீழாகச் செய்ய வேண்டும்: மீனை வெளியே எடுங்கள், இறால் அங்கேயே இருக்கட்டும். மீனுக்கு வரும் இந்த வெள்ளைப் புள்ளி நோய் (இக்) இறாலைத் தொற்றாது; இறால் பண்ணைகளில் வரும் அதே பெயருள்ள வைரஸ் நோய் வேறு. அந்த ஒட்டுண்ணி மீனிலிருந்து உதிர்ந்து, அடியில் கூடு கட்டிப் பெருகி, நீந்திவந்து மறுபடி மீனைப் பிடிக்கும். பிடிக்க மீனே இல்லையென்றால் நீந்தும் பருவம் ஏறக்குறைய இரண்டு நாளில் செத்துவிடும். 25 டிகிரியில் இரண்டு வாரம் மீன் இல்லாமல் கிடந்தால் தொட்டி தானாகவே சுத்தமாகிவிடும்.

வெளியே எடுத்த மீனுக்கு 20 லிட்டர் டப் போதும். ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், அடியில் மணல் கிடையாது. மருந்து அளவை டப்பின் தண்ணீருக்குக் கணக்கிடுங்கள், பழைய தொட்டிக்கு அல்ல. தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேருங்கள். அந்த வலையும் ஸ்பான்ஜும் இறால் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

மருந்துக்குப் பதில் சூட்டை 30 டிகிரிக்கு ஏற்றுவதும் இறாலோடு ஒத்துவராது; செர்ரிக்கு 20 முதல் 26 வரைதான் சுகம். இன்னொன்று, தீனிப் பாக்கெட்டில் தாமிரம் என்று அச்சிட்டிருந்தால் பதற வேண்டாம். இறாலின் ரத்தமே தாமிரத்தை வைத்துத்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது. தீனியில் இருக்கும் துளியளவு கொல்லாது, மருந்தின் அளவுதான் கொல்லும்.

ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றுவது

கரைந்த உப்புகளின் அளவு திடீரென மாறினால் இறால் நேரம் தவறி ஓடு உரிக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் ஓடு பாதியில் சிக்கிவிட்டது என்று பொருள்; அது பிழைப்பது அரிது. வாரம் 10 முதல் 15 சதவீதம் மாற்றினால் போதும், அதையும் மெல்லிய குழாய் வழியாக மெதுவாக விடுங்கள். புது இறாலை விடும்போதும் இதே குழாய்தான்: அதில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை இறால் இருக்கும் பாத்திரத்தில் நொடிக்கு இரண்டு சொட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல்.

ஃபில்டர் வாயைத் திறந்து வைப்பது

குட்டி இறால் உள்ளே இழுபடாமல் ஸ்பான்ஜ் மாட்டுங்கள்.

உரித்த ஓட்டை அள்ளி எறிவது

கண்ணாடிபோல் தெரிந்தால் அது ஓடு. வெளிறிய ரோஜா நிறத்தில் கெட்டியாகத் தெரிந்தால்தான் செத்த இறால். ஓட்டை விட்டுவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே தின்று தீர்த்துவிடும்.