வீட்டுக்குள் ஓடும் குழந்தையைக் கலங்காமல் படம் எடுப்பது எப்படி?

வீட்டில் எடுக்கும் குழந்தைப் படங்கள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் கேமரா காரணம் இல்லை, ட்யூப்லைட்தான் காரணம். புது போன், புது லென்ஸ் என்று கிளம்புவதற்கு முன்னால் கீழே உள்ளதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பாருங்கள். போனிலும் எடுக்கலாம், கேமராவிலும் எடுக்கலாம்.

1. எல்லா விளக்கையும் அணையுங்கள்

ஹாலில் எரிவதையெல்லாம் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். "ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க" என்று யாராவது வந்து சுவிட்சைப் போடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்தப் படியோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் அதில் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/100 விநாடி என்றால் ஒரு முழுச் சுற்று வெளிச்சமும் உள்ளே வந்துவிடும், படம் சீராக இருக்கும். ஆனால் குழந்தை கையை ஆட்டினாலே கலங்கிப்போகும். கலங்காமல் இருக்க 1/250 வேண்டும், ஓடுகிறது என்றால் 1/500. அந்த வேகத்துக்குப் போனால் குறுக்கே மங்கலான பட்டைகள் விழும், அடுத்தடுத்த படங்களின் நிறமே மாறும். சத்தம் வராத எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். விளக்கு எரிகிறவரை இந்த இழுபறி தீராது.

நிறச் சிக்கல் வேறு. பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), மஞ்சள் பல்பு 2700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. பிறகு எந்த ஆப்பில் போட்டு உருட்டினாலும் முழுதாகச் சரியாகாது.

2. ஜன்னலோரத்தில் இடம் பிடியுங்கள்

ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் குழந்தை இருக்கட்டும். வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழ வேண்டும். குழந்தைக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் முகம் கறுத்துவிடும். மறுபக்கக் கன்னம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள், போதும். கடையில் விற்கும் ரிஃப்ளெக்டர் வேண்டாம். குழந்தை முதலில் அதைத்தான் பிடுங்கும்.

சுவரையும் பாருங்கள். பச்சையோ ரோஸோ அடித்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அந்த நிறத்தைத் தோலில் ஏற்றிவிடும். அந்தப் பக்கத்துக்கும் வேட்டிதான் மருந்து.

*பின்சேர்க்கை:* "வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று படித்தேன், எங்கள் வீட்டில் வருகிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த விதி நமக்கு வெகு வடக்கே இருக்கும் நாடுகளுக்கானது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினால் வெளிச்சம் பரவிவிடும்.

3. குழந்தையைக் கூப்பிடாதீர்கள்

"இங்க பாரு, சிரி" என்றால் பல்லைக் காட்டும், அல்லது போனைப் பிடுங்க ஓடிவரும். அதற்குப் பதில் விளையாட்டை ஜன்னலோரத்துக்குக் கொண்டுபோங்கள். நாலு எவர்சில்வர் டப்பா, ரெண்டு கரண்டி, அல்லது பாட்டி உட்கார்ந்து கீரை ஆய்வது. விலை உயர்ந்த பொம்மையைவிட டப்பா நன்றாக வேலை செய்யும். மூடியைத் திறக்கும்போது முகத்தில் வருகிற மும்முரம் கேட்டு வாங்க முடியாதது. நீங்கள் தரையில் உட்கார்ந்து, லென்ஸைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு காத்திருங்கள். பின்னால் துணிக் கொடி தெரிந்தால் நீங்கள்தான் நகர வேண்டும்.

4. செட்டிங்

கேமராவில் ஷட்டர் பிரயாரிட்டி, அதாவது ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை (கேனானில் Tv, நிக்கானில் S), 1/250, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதைக் கேமராவே முடிவு செய்வது). புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்காதீர்கள். புள்ளியோடு இருக்கும் படத்தை ஆல்பத்தில் ஒட்டலாம், கலங்கிய படத்தை என்ன செய்வது? கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் எல்லோரும் 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கச் சொல்வார்கள் (எம்.எம். கூடினால் நெருக்கிக் காட்டும், எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் பெரிது). நான் சொல்லமாட்டேன். ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் அது 75, 80 எம்.எம். மாதிரி நெருக்கிக் காட்டும். பத்தடி அறையில் குழந்தையை முழுசாக எடுக்கப் பின்வாங்கினால் முதுகு பீரோவில் இடிக்கும். 35 எம்.எம்.தான் நம் வீடுகளுக்குத் தோது.

போனில் முதலில் லென்ஸைத் துடையுங்கள், எண்ணெய்க் கைரேகை கட்டாயம் இருக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் எனக்குப் பிடிக்காது, சுருட்டை முடியின் ஓரத்தைக் கத்தரித்துவிடுகிறது. சாதாரண மோடில் தொடர்ச்சியாக எடுங்கள்: சாம்சங்கில் ஷட்டர் பொத்தானைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், புதிய ஐபோன்களில் இடப்பக்கம். ஐபோனின் சொந்தக் கேமரா ஆப்பில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க வழியில்லை. வெளிச்சம் கூடினால்தான் அது வேகமாக எடுக்கும், ஆக மறுபடியும் ஜன்னல்தான்.

5. எடிட்டிங்

ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில் வெளிச்சத்தையும் வெள்ளை நிறத்தையும் கொஞ்சம் சரிசெய்தால் போதும். பியூட்டி ஃபில்டர் பக்கம் போகவே வேண்டாம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கறை என்று நினைத்து அழித்துவிடுகிற ஆப்களும் உண்டு.

*இன்னொரு பின்சேர்க்கை:* கேமராவில் அண்ணன், தங்கை இருவரையும் எடுத்தால் ஒருவர் மங்கலாக வருகிறார் என்று கேட்டவர்களுக்கு: எஃப் 1.8 வைத்து ஒரு மீட்டரிலிருந்து எடுத்தால் 35 எம்.எம். லென்ஸில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். ஒருவருக்கே கண் தெளிவாக, காது மங்கலாக வரும். இருவர் இருந்தால் அப்பர்ச்சர் பிரயாரிட்டிக்கு (லென்ஸ் துவாரத்தை நாமே வைக்கும் முறை) மாறி எஃப் 4 வையுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் கேட்கும், அங்கே 1/250 கொடுத்துவிட்டு இரண்டு பேரையும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் உட்கார வையுங்கள். உட்கார மாட்டார்கள் என்றால் நடுவில் ஒரே ஒரு டப்பா.