ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட்டில் சிடி எண்களை எப்படிப் படிப்பது?

ரத்தப் புற்றுநோய் சந்தேகத்தில் எடுத்த ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட் கைக்கு வந்ததும், சிடி எண்களை ஒவ்வொன்றாகக் கூகுளில் தேடிப் பயந்துபோகாதீர்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்பது செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் பார்க்கும் சோதனை. சிடி எண் என்பது செல்லில் இருக்கும் ஒரு அடையாளப் புரதத்தின் பெயர். முதலில் சிடி45 பாருங்கள். லிம்போசைட் என்ற வெள்ளை அணு முதிர்ந்திருந்தால் அதில் இது பளிச்சென்று இருக்கும், பிளாஸ்ட் எனப்படும் இளம் செல்லில் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ரிப்போர்ட்டில் 'டிம்' என்று போட்டிருப்பது அதைத்தான். அப்புறம் சிடி34. செல் இன்னும் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே நிற்கிறது என்பதற்கு அடையாளம், ஆனால் எல்லா பிளாஸ்ட்டிலும் இருக்காது. அடுத்தது வம்சம், அதாவது செல் எந்த வகையைச் சேர்ந்தது என்பது: சிடி19 பி செல், சிடி3 டி செல் (இரண்டும் லிம்போசைட் வகைகள்), சிடி13, சிடி33 மைலாய்டு பக்கம் (லிம்போசைட் அல்லாத ரத்த அணுக்களின் வம்சம்).

இங்கேதான் நிதானம் வேண்டும். சிடி10, சிடி19 இரண்டும் பாசிட்டிவ் என்றவுடன் பி-ஏஎல்எல் (இளம் பி செல்களில் வரும், வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய்) என்று முடிவுகட்டிவிட முடியாது, ஏனென்றால் குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில், குறிப்பாக கீமோ முடிந்து மஜ்ஜை மீண்டு வரும்போது, ஹீமட்டோகோன் என்ற இயல்பான இளம் பி செல்களும் அதே இரண்டையும் காட்டும். அவை படிப்படியாக முதிர்வது வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தெரியும். புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் கொத்தாக நிற்கும்.

சிடி5 பொதுவாக டி செல்லுக்குரியது. அது சிடி19, சிடி23 உடன் ஒரே செல்லில் சேர்ந்து வந்தால் சிஎல்எல் (பி செல்களில் வரும், பெரும்பாலும் மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய்) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சிடி20 இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், ரிட்டக்சிமாப் மருந்து போய்ப் பிடித்துக்கொள்வது அதைத்தான்.