குடிலுக்குப் புல்லைக் குழந்தை கையாலேயே விதைக்க விடுங்கள்

இந்தக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு பிளாஸ்டிக் புல் விரிப்பு வாங்க வேண்டாம். டிசம்பர் 14 வாக்கில் ஒரு கைப்பிடி முழுக் கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, மண் பரப்பிய பழைய தட்டில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையைத் தூவச் சொல்லுங்கள். 24ஆம் தேதிக்குள் ஆட்டுக்குட்டி பொம்மையின் கால் மறையும் அளவுக்குப் பசும்புல் நிற்கும்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுத்துத் தூவும் அந்தப் பிடிதான் பிறகு பென்சில் பிடிக்க உதவும். தண்ணீரைக் குவளையில் கொடுத்தால் மொத்தமாகக் கவிழ்த்துவிடும். ஈரப் பஞ்சைப் பிழிந்து சொட்டவிடச் சொல்லுங்கள், உள்ளங்கைக்கும் நல்ல வேலை. "நாளைக்கு" என்றால் என்னவென்று இந்த வயதில் பிடிபடாது. தினமும் அதே பொம்மையைப் புல் பக்கத்தில் நிறுத்தி "நேத்து குட்டி, இன்னைக்குப் பெரிசு" என்று காட்டினால் சட்டென்று புரியும்.

எதையும் வாயிலோ மூக்கிலோ போடும் பருவமென்றால் விதைப்பது நீங்கள், நீர் விடுவது மட்டும் குழந்தை, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. கொண்டைக்கடலை போன்ற பெரிய பருப்புகள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். விதைக்கடையில் மருந்து கலந்து நிறமேற்றிய விதை கிடைக்கும். அதையும் தொடவிடாதீர்கள், மளிகைக்கடைக் கேழ்வரகே போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் மெதுவாகத்தான் முளைக்கும், நான்கைந்து நாள் முன்பே தொடங்குங்கள்.