வெள்ளை அணுக்களுக்கு உணவு தரும் துணை

பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை எலும்பு மஜ்ஜை ஓயாமல் உருவாக்கிக்கொண்டே இருப்பதால், அதற்குத் தேவையான புரதம், ஃபோலேட் (பி வகை வைட்டமின்களில் ஒன்று), வைட்டமின் பி12, துத்தநாகம் ஆகியவை உணவில் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருப்பு, கீரை, கொண்டைக்கடலை, முட்டை ஆகியவற்றிலேயே பெரும்பகுதி கிடைத்துவிடும்; பால்கூட அருந்தாத முழுச் சைவர்கள் பி12 குறித்து மருத்துவரிடம் கேட்பது நல்லது. இந்த அணுக்கள் செயல்படத் துணைபுரியும் வைட்டமின் சி என்றதும் பலர் ஆரஞ்சைத்தான் தேடுகிறார்கள், ஆனால் விலை குறைந்த கொய்யாவில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு உள்ளது. வெப்பத்தில் இச்சத்து சிதையும் என்பதால், நெல்லிக்காயை வேகவைக்காமல் பச்சையாக அரைத்துத் துவையலாக்கலாம். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் பிழியலாம். பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தால், உணவை மட்டும் நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும்.