களைக்கொல்லிக்கு அடங்காத புல்: நெல் வயலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் கண்மாயையும் வானத்தையும் நம்பிப் புழுதி விதைப்பு செய்பவர்களுக்குக் குதிரைவாலிப் புல்லைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை விழுந்ததும் நெல்லும் அதுவும் ஒன்றாகவே முளைக்கின்றன. களை எடுக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லி நமக்குப் பெரிய துணை. அந்தத் துணையை நம் கையாலேயே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

பஞ்சாப், ஹரியானா கோதுமை விவசாயிகள் இதை அனுபவித்துவிட்டார்கள். அங்கே குல்லி தண்டா என்ற புல் கோதுமையைப் போலவே தோற்றம் கொண்டது. அதற்கு ஐசோபுரோட்டியூரான் என்ற ஒரே மருந்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் புல் சாகாமல் நின்றது. விளைந்த கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. பிறகு குளோடினாபாப், சல்போசல்பியூரான் என்று புது மருந்துகள் வந்தன. சில ஆண்டுகளில் அவற்றுக்கும் அந்தப் புல் தப்பத் தொடங்கியது. நெல், கோதுமை என்று மாறாமல் பயிர் செய்த வயல்களில்தான் பாதிப்பு அதிகம். இடையில் கரும்போ சூரியகாந்தியோ போட்ட வயல்களில் குறைவு.

மருந்து புல்லின் குணத்தை மாற்றுவதில்லை. கணக்கற்ற செடிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு, பிறவியிலேயே அந்த மருந்தைச் செரித்துவிடும் தன்மையோடு முளைக்கின்றன. மற்றவை செத்துப்போக, வயல் தப்பியவற்றின் வாரிசுகளுக்குச் சொந்தமாகிறது.

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, டப்பாவின் பெயர் மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று நம்புவது. பிஸ்பைரிபேக், பெனாக்சுலம், பைரசோசல்பியூரான் மூன்றும் செடிக்குள் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன. களைக்கொல்லி செயல்படும் விதத்தை வைத்துப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டில் மூன்றும் 2ஆம் பிரிவு. சைஹலோபாப் 1ஆம் பிரிவு, பெண்டிமெத்தலின் 3, பிரெட்டிலாகுளோர் 15. வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். விதைத்தவுடன் மண்ணில் ஈரம் இருக்கும்போது பெண்டிமெத்தலின் அடித்து, பிறகு ஓர் ஆண்டு பிஸ்பைரிபேக், மறு ஆண்டு சைஹலோபாப் என்று மாற்றலாம். சைஹலோபாப் புல்லை மட்டுமே கொல்லும். கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஒரு மருந்தைச் செரிக்கும் புல், வேறு பிரிவு மருந்தையும் செரிக்கக்கூடும். அதனால் மாற்றி அடிப்பதை மட்டும் நம்பியிருப்பதும் தவறுதான். முதல் மழைக்கு முளைக்கும் களையை ஓர் உழவில் அழித்துவிட்டு விதைப்பது எந்த மருந்துக்கும் ஈடு கொடுக்கும். மழை தவறிவிடுமோ என்ற பயத்தில் நம்மவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். பயம் நியாயமானதே, புல் மிகுந்த ஒரு வயலிலாவது செய்து பாருங்கள்.

அடிக்கும் முறையிலும் கவனம் தேவை. 10 சதவீத பிஸ்பைரிபேக் ஏக்கருக்கு 100 மில்லி. புல் மூன்று நான்கு இலையோடு இருக்கும்போது அடிக்க வேண்டும். தூர் கட்டிய பிறகு அடிப்பதும், பன்னிரண்டு டேங்க் போக வேண்டிய ஏக்கரை ஆறு டேங்கில் முடிப்பதும், பூச்சிமருந்து நாசிலையே மாட்டிக்கொள்வதும் புல்லைக் குற்றுயிராக விட்டுவிடும். சாகவில்லையே என்று மறுமுறை அளவைக் கூட்டினால் நெல்தான் மஞ்சளிக்கும்.

சாகாத புல்லெல்லாம் எதிர்ப்பு பெற்றதும் அல்ல. நேர்க்கோட்டில் ஒரு பட்டை முழுவதும் பச்சையாக நின்றால் அது கை தவறிய இடம். காய்ந்த குதிரைவாலிக்கு அருகிலேயே அதே வயதுக் குதிரைவாலி தளதளவென்று நின்றால் சந்தேகப்படுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் அந்தச் செடியைக் காட்டலாம்.

தப்பி நிற்பது நெல்லா புல்லா என்று குழம்பினால் இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். அப்படிப்பட்டதைக் கதிர் தள்ளும் முன் வேரோடு பிடுங்கி, வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோய் அழியுங்கள். நாலு புல்தானே என்று விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தரும். நெல் அறுவடைக்கு முன்பே அவை உதிர்ந்து மண்ணுக்குப் போய்விடும்.

உதிராத மிச்சம் அறுவடை இயந்திரத்தோடு பயணம் செய்கிறது. வெளியூரிலிருந்து வரும் இயந்திரம் வயலில் இறங்கும் முன் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புல் மண்டிய வயலைக் கடைசியாக அறுக்கச் சொல்லுங்கள்.