காசித்தும்பையில் புது ரகம் எடுக்கப் போகிறீர்களா? பலரும் சறுக்கும் இடங்கள் இவை

மாடித்தோட்டத்தில் காசித்தும்பை வளர்ப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்த ஆசை வந்துவிடும்: வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்டது ஒரு தொட்டியில், அடுக்கு ஊதா பக்கத்துத் தொட்டியில், இரண்டையும் சேர்த்தால் என்ன? தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் 'மிக்ஸ்' பாக்கெட் விதையில் இதுவரை பார்க்காத நிறம் ஒன்று முளைத்ததும், அதற்குப் பெயர் சூட்டி வாட்ஸ்அப் குழுவில் விதை கொடுக்கிறார்களே, அது ரகம் இல்லை. விதைத்தால் அதே பூ வர வேண்டும், அடுத்த முறையும் வர வேண்டும்.

பெரிய சறுக்கல் பூவிலேயே நடக்கிறது. புதிதாக விரிந்த பூவின் நடுவில் பாருங்கள், வெளிறிய சின்னத் தொப்பி ஒன்று தெரியும். ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி, சூலகத்தின் தலையை மூடி நிற்பதுதான் அது. முதலில் ஆண் பருவம். ஓரிரு நாளில் தொப்பி கழன்று விழும், அப்புறம்தான் பச்சையான சூல்முடி வெளியே தெரிந்து ஐந்து நுனியாகப் பிரியும். இது தெரியாமல், காலையில் பளிச்சென்று விரிந்த பூவில் பிரஷ்ஷால் தடவிவிட்டு, காய் பிடிக்கவில்லையே என்று உரத்தைக் குறை சொல்வார்கள். இன்னும் மோசம், காய் பிடித்துவிடுவது. தொப்பி விழுந்த பிறகு உங்களுக்கு முன்னால் தேனீ வந்து போயிருக்கும், நீங்கள் கலப்பு என்று நம்பி வளர்ப்பது அதே செடியின் மகரந்தத்தில் பிடித்த சுயவிதையாக இருக்கலாம்.

ஆகவே நாளை விரியும் என்று தெரிகிற தடித்த மொட்டைப் பிரித்து, இடுக்கியால் தொப்பியை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய வலைப்பையால் மூடுங்கள். சூல்முடி பிரிந்ததும் அப்பாச் செடியின் புதுப்பூவிலிருந்து மகரந்தம் தடவி மறுபடி மூடுங்கள். காம்பில் ஒரு நூல், லேபிளில் அம்மா பெயர், அப்பா பெயர், தேதி. லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் போய்விடும். பையை அவிழ்க்க அவசரம் வேண்டாம், முற்றிய காய் விரல் பட்டாலே சுருண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். சுணை படர்ந்த அந்தக் காய் உப்பி, நிறம் வெளிறத் தொடங்கினால் பறிக்கும் நேரம்.

இனி, எதையும் எதோடும் சேர்க்கலாம் என்ற நினைப்பு. இம்பேஷன்ஸ் என்பது காசித்தும்பையும் அதன் உறவுச் செடிகளும் சேர்ந்த பேரினத்தின் பெயர், கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. காசித்தும்பைக்கு 14 குரோமோசோம், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாலெரியானாவுக்கு 16, நியூ கினி வகைக்குப் பொதுவாக 32. இவற்றைக் குறுக்கே கலந்தால் காய் உப்பலாம், ஆனால் பெரும்பாலும் உள்ளே கரு பாதியிலேயே வாடிவிடும். கருவைத் தனியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறவர்களுக்கு உரிய வேலை அது, மாடிக்கு வேண்டாம்.

சரி, கலப்பு விதை முளைத்துப் பூத்தது, ஆனால் நினைத்த பூ இல்லை. இங்கேதான் நிறையப் பேர் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு குணம் முதல் தலைமுறையில் ஒளிந்திருக்கும், அதன் சுயவிதையில்தான் வெளியே வரும். ஒரே மரபணு என்றால் நான்கில் ஒரு செடி, இரண்டு மரபணுக்கள் சேர வேண்டும் என்றால் பதினாறில் ஒன்று. அந்தப் பதினாறில் ஒன்று கண்ணில் பட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 47 செடியாவது வளர்க்க வேண்டும். பத்து தொட்டி வைத்துவிட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லக்கூடாது. இடமில்லையா, ஒரே ஒரு கலப்பு போதும், ஐந்து கலப்பு செய்து ஒவ்வொன்றிலும் எட்டுச் செடி வளர்ப்பது வீண். வேண்டிய செடி கிடைத்ததும் அதன் பூக்களை மூடிவைத்து, அதன் மகரந்தத்தையே அதற்குத் தடவி விதை எடுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்புத்தன்மை பாதியாகும், ஆறாம் தலைமுறையில் 3 சதவீதம் அளவுக்கு வந்துவிடும்.

நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தொழில்முறை ஆட்களே செய்த தவறு. வாலெரியானாவில் பல ஆண்டுகளாகப் புதுப்புது நிறங்கள் வந்துகொண்டே இருந்தன. 2003இல் பிரிட்டனிலும், 2011, 2012இல் அமெரிக்காவிலும் அடிச்சாம்பல் நோய் (இலையின் அடியில் வெண்பூசணம் படரும் நோய்) பரவியபோது எந்த நிறமும் தப்பவில்லை, பாத்திகள் மொட்டைத் தண்டுகளாக நின்றன. பிறகுதான் நோய் தாங்கும் பீக்கன், இமாரா போன்ற வரிசைகள் வந்தன. நம்மூர் காசித்தும்பையில் சாம்பல் நோய் சகஜம். தேர்வுச் செடிகளுக்கு வாரம் தவறாமல் மருந்தடித்தால் நோஞ்சானும் நன்றாகத்தான் தெரியும், கொஞ்சம் விட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவுத் தொட்டியில், ஒரே மண்ணில், ஒரே வெயிலில் இருக்கட்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காசித்தும்பையின் காட்டு உறவுகள் ஏராளம், பல அங்கே தவிர வேறெங்கும் இல்லை. கலப்புக்கென்று பிடுங்கி வராதீர்கள், கீழே வெயிலில் பெரும்பாலும் பிழைக்காது, காட்டுக்கும் நட்டம். மிஞ்சிய நாற்றை ஓடைக்கரையில் கொட்டுவதும் வேண்டாம். 1839இல் பிரிட்டனுக்கு அழகுச் செடியாகப் போன இமாலயக் காசித்தும்பை இன்று அங்கே ஆற்றங்கரைகளை அடைத்து நிற்கிறது.

நியூ கினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: முதல் தலைமுறையிலேயே பிடித்த செடி வந்தால் விதையை நிலைப்படுத்தத் தேவையில்லை, தண்டை வெட்டி வேர்விட வைத்தால் அதே செடி. ஆனால் தண்டோடு வைரஸும் வரும், அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இலைப்பேன். இலையில் கரும்புள்ளியோ வளையமோ தெரிகிற செடியிலிருந்து, பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு துண்டுகூட வெட்டாதீர்கள்.