தாடை மூட்டு வலி: பூட்டிக்கொண்ட வாயை நெம்பாதீர்கள்

வாய்க்குள் விரல் விடுமுன் கையுறை போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பிசியோதெரபி முடித்துப் புதிதாக வருபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

நெம்புவது

திருப்பூர் பனியன் கம்பெனி டெய்லர்களில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பவர்கள் உண்டு, அதுவும் ஒரே பக்கமாக. அப்படி ஒருவர் வந்து, "ரெண்டு மாசமா காதுக்கு முன்னால டக்கு டக்குனு சத்தமுங்க. நேத்துல இருந்து சத்தமே இல்லீங்க, வாயும் தொறக்க மாட்டேங்குது" என்றால், சத்தம் நின்றது நல்ல சேதியல்ல. மூட்டின் நடுவே இருக்கும் வட்டு முன்னால் நழுவி, திரும்பாமல் நின்றுவிட்டது. திறக்கச் சொன்னால் தாடை வலிக்கிற பக்கமே கோணும். முன்பற்களுக்கு இடையே ஸ்கேல் வைத்தால் 40 மி.மீ. இருக்க வேண்டியது 25 அல்லது 30தான் காட்டும்.

உடனே மேல் பல்லில் ஒரு விரல், கீழ் பல்லில் ஒரு விரல் கொடுத்துக் கத்தரிக்கோல்போல் அகட்டுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. வாய் திறக்கும்போது மூட்டுக்குள் இருக்கும் தாடை எலும்பின் முனை முதலில் சுழலும், பிறகு முன்னால் சறுக்கும். சறுக்க வழியில்லாத முனையை நெம்பினால், வட்டுக்குப் பின்னால் உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த திசுதான் நசுங்கும். மறுநாள் 28 இருந்தது 22 ஆகும். மிரண்ட கடிதசை இறுகிக்கொள்ளும், அதன்பின் விரலே விட முடியாது.

அதற்குப் பதில், கட்டைவிரலை வலிக்கிற பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மேல் வையுங்கள். மற்ற விரல்கள் தாடையை வெளியே கீழிருந்து பிடிக்கட்டும், மறு கை தலையைத் தாங்கட்டும். முதலில் கீழ்நோக்கி இழுத்து, அந்த இழுப்பை விடாமல் லேசாக முன்னோக்கி. 10 விநாடி, 5 முறை போதும். விரல் உள்ளே இருக்கையில் அவரால் பேச முடியாது. வலித்தால் கை தூக்கச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முன்னும் பின்னும் அளந்து குறியுங்கள். 2 மி.மீ. கூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். சில அமர்வுகளில் அசையாவிட்டால் வாய், முக அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசி வழியே மூட்டைக் கழுவும் முறை இருக்கிறது.

சத்தத்தைத் துரத்துவது

வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம்.

கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்காதது

பாக்கு, குட்கா மெல்பவருக்கு உட்கன்னம் வெளுத்து, விறைத்து, காரம் பட்டால் எரிந்தால் கோளாறு மூட்டில் இல்லை. புற்றுநோயாக மாறக்கூடியது அது. பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். 50 தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், மென்றுகொண்டிருக்கையில் தாடை வலியும் சேர்ந்து வந்தால் கை வைக்காமல் அன்றே மருத்துவமனை. பார்வையே போகலாம்.

கழுத்தை விடுவது

நாளெல்லாம் மெஷினில் குனிபவருக்குத் தாடையை மட்டும் தொட்டால் வலி திரும்பும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லாமல் அனுப்புவது

உதடு சேர்ந்திருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும். நூலுக்குக் கத்தரி. "பொங்கக் கரும்பு கடிக்கலாமுங்களா?" என்று கேட்பார்கள். இந்த வருஷம் சாறுதான்.